தண்டனையும் சிகிச்சையும்: அமெரிக்கப் போதைப்பொருள் சிகிச்சை நீதிமன்றங்களின் நடைமுறை வரலாறு (1989–2022)

ஆய்வுச்சுருக்கம்

போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்திற்காகக் கைதானவரைச் சிறைக்கு அனுப்பாமல், நீதிபதியின் நேரடிக் கண்காணிப்பில் சிகிச்சைக்கு உட்படுத்தும் நடைமுறை 1989இல் அமெரிக்காவின் மியாமி நகரில் தொடங்கியது. ஒரு நகரத்தின் ஏற்பாடாக இருந்த அந்நடைமுறை நாடு தழுவிய திட்டமாக வளர்ந்தபோது அடைந்த மாற்றங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கின்றது. யார் உள்ளே அனுமதிக்கப்பட்டனர், இடையில் தவறியவருக்கு என்ன நேர்ந்தது, மருத்துவ முடிவை யார் எடுத்தனர் என்னும் மூன்று நடைமுறை வினாக்களே இந்நீதிமன்றங்களின் பயனைத் தீர்மானித்தன என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: போதைப்பொருள் சிகிச்சை நீதிமன்றம், மியாமி, குற்றவியல் நீதி முறைமை, கண்காணிப்பு, மீள்குற்றம்

முன்னுரை

'போதைப்பொருள் நீதிமன்றம்' என்னும் சொல் தமிழ் வாசகருக்கு உணர்த்தும் பொருள் வேறு. சென்னையிலும் மதுரையிலும் இயங்கும் போதைப்பொருள் தடுப்புச் சிறப்பு நீதிமன்றங்கள் வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் மன்றங்களாகும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டத்தில் 1989இல் செய்யப்பட்ட திருத்தம் இச்சிறப்பு நீதிமன்றங்களுக்கு வழிவகுத்தது. மீண்டும் குற்றமிழைக்கும் சிலருக்கு மரண தண்டனை விதிக்க இடமளித்த பிரிவும் அதே திருத்தத்தின் வழியாகவே வந்தது. அதே 1989ஆம் ஆண்டில், ஏறத்தாழ அதே பெயரில், மியாமியில் ஒரு நீதிமன்றம் தோன்றியது. அதன் நோக்கமோ விசாரணையைத் தவிர்ப்பதாக இருந்தது. பெயர் மயக்கத்தைத் தவிர்க்கும் பொருட்டு, அமெரிக்க அமைப்பை இக்கட்டுரை 'சிகிச்சை நீதிமன்றம்' எனக் குறிக்கின்றது.

நோயா, குற்றமா: 1989க்கு முந்தைய பின்புலம்

சிகிச்சை நீதிமன்றத்தின் ஆதரவாளர்கள் அதனைப் புத்தம் புதிய கண்டுபிடிப்பாகவே எடுத்துரைத்து வந்துள்ளனர். வரலாற்றுச் சான்றுகள் அக்கூற்றை முழுமையாக ஏற்க இடமளிக்கவில்லை. 1914ஆம் ஆண்டின் ஹாரிசன் சட்டம் அபினி, கொகெய்ன் ஆகியவற்றின் விற்பனையை வரிச்சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அடிமைப்பட்டவருக்கு அவரது நிலையைத் தக்கவைப்பதற்காக மட்டும் மருத்துவர் போதைமருந்து எழுதித் தருவது மருத்துவத் தொழிலாகாது என 1919இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் இந்நோயாளிகளுக்கு மருத்துவமனையின் கதவு அடைபட்டது. சிறையின் கதவு திறந்தது. சிறைகள் நிரம்பியபோது கூட்டாட்சி அரசே 1935இல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனிலும் 1938இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்திலும் சிறையும் மருத்துவமனையும் கலந்த நிறுவனங்களைக் கட்டியது. லெக்சிங்டனில் தண்டனைக் கைதிகளும் தாமாக வந்தவர்களும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். தாமாக வந்தவர்களுள் பெரும்பாலோர் சிகிச்சை முடியுமுன் வெளியேறினர். சிகிச்சையில் ஒருவரை நிறுத்தி வைக்கக் கட்டாயம் வேண்டும் என்ற கருத்து வேரூன்ற இந்த அனுபவமும் துணைநின்றது.

1962இல் ராபின்சன் எதிர் கலிஃபோர்னியா வழக்கில் வழங்கப்பட்ட தீர்ப்பு இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. போதைக்கு அடிமையாயிருத்தல் என்னும் நிலையையே குற்றமாக்குவது கொடிய தண்டனையைத் தடைசெய்யும் அரசமைப்பின் எட்டாம் திருத்தத்திற்கு முரணானது என உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் மாநிலம் கட்டாயச் சிகிச்சைத் திட்டம் அமைப்பதற்குத் தடையில்லை என்பதையும் அத்தீர்ப்பு சுட்டியது. வைத்திருத்தலும் விற்றலும் குற்றங்களாகவே நீடித்தன. ஆக, நோய் என்று ஒப்புக்கொண்ட பின்னரும் அந்நோயாளி நீதிமன்றத்தின் பிடியிலேயே இருந்தார்.

அடுத்த பத்தாண்டில் கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் கட்டாயச் சிகிச்சைக் காவல் திட்டங்களை நடத்திப் பார்த்தன. அவற்றின்மீது நம்பிக்கை இழந்த நியூயார்க் ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர், 1973இல் நேர் எதிர்த்திசையில் திரும்பி, உயர்வகைப் போதைப்பொருள் குற்றங்களுக்கு 15 ஆண்டு முதல் ஆயுள் வரையிலான சிறைத்தண்டனையைச் சட்டமாக்கினார். 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் 5 கிராம் கிராக் கொகெய்னுக்கும் 500 கிராம் தூள் கொகெய்னுக்கும் ஒரே அளவாக ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனையை விதித்தது. வேதியியல் நோக்கில் ஒன்றேயான பொருளுக்கு நூறு மடங்கு வேறுபாடு! மலிவான கிராக்கிற்காகத் தண்டிக்கப்பட்டோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

மியாமி, 1989

1980களில் தென் அமெரிக்கக் கொகெய்னின் முதன்மை நுழைவாயிலாக மியாமி இருந்தது. சிறு அளவு கொகெய்ன் வைத்திருந்தவர் கைதாகி, சில நாளில் வெளியேறி, மீண்டும் கைதானார். சிறைகளில் நெரிசல் மிகுந்தது. நீதிமன்றப் பட்டியல் நீண்டது. டேட் கவுண்டியை உள்ளடக்கிய பதினோராம் நீதிச் சுற்றின் தலைமை நீதிபதி ஜெரால்ட் வெதரிங்டன், இச்சிக்கலை ஆராயும் பணியை நீதிபதி ஹெர்பர்ட் கிளைனிடம் ஒப்படைத்தார். அரசுத் தரப்பு வழக்குரைஞராக இருந்த ஜேனட் ரெனோவும் வறியவருக்கான அரசுப் பாதுகாப்பு வழக்குரைஞராக இருந்த பென்னட் பிரம்மரும் இதற்கு இசைந்தனர். வழக்கு மன்றத்தில் எதிரெதிரே நிற்கும் இரு அலுவலகங்களின் இசைவு இல்லாமல் இத்திட்டம் ஒரு நாள்கூட நடந்திராது. மாநிலச் சட்டமன்றம் எதனையும் இயற்றவில்லை. தலைமை நீதிபதியின் நிருவாக ஆணையே போதுமானதாயிற்று. இந்நீதிமன்றங்களின் வலிமையும் வலுவின்மையும் இத்தோற்றத்திலேயே அடங்கியிருந்தன எனலாம். சட்டத்திற்குக் காத்திராமல் விரைவாகத் தொடங்க முடிந்தது. ஆனால் உள்ளே வருவோருக்கு உள்ள உரிமைகளை வரையறுக்கும் சட்டமும் இல்லை.

முதல் நீதிபதியாகப் பொறுப்பேற்ற ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் முன்னாளில் மோட்டார்சைக்கிள் காவலராகப் பணியாற்றியவர். அவர் வழக்குரைஞர் வழியாகப் பேசும் மரபைக் கைவிட்டு, எதிரே நிற்பவரிடம் நேரடியாகப் பேசினார். சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு அவர் கையில் இருந்தது; சிகிச்சைக்கு எத்தனை நாள் வந்தார், எத்தனை நாள் வரவில்லை என்ற கணக்கும் இருந்தது. திட்டம் மூன்று கட்டங்களாக ஏறத்தாழ ஓராண்டு நீடித்தது. முதலில் நச்சு நீக்கம், அடுத்து ஆலோசனையும் நிலைப்படுத்தலும், பின்னர் கல்வி, வேலை ஆகியவற்றோடு இணைந்த பின்பராமரிப்பு. நியூயார்க்கின் லிங்கன் மருத்துவமனையில் வளர்ந்த காது அக்குபங்சர் முறையும் முதற்கட்டத்தில் இடம்பெற்றது. வெற்றியுடன் முடித்தவர் மீதான குற்றச்சாட்டு கைவிடப்பட்டது.

ஒருவர் இடையில் மீண்டும் போதைப்பொருளைப் பயன்படுத்தினால் உடனே வெளியேற்றப்படவில்லை என்பது மியாமி நடைமுறையின் உயிர்நிலை. மீண்டும் வழுக்கி விழுதல் இந்நோயின் இயல்பு என்பதை மருத்துவர் அறிவர். அதனை நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றுக்கொண்டதே புதுமை. சில நாள் சிறையிலிருந்து திரும்பி வந்து அவர் சிகிச்சையைத் தொடரலாம். லெக்சிங்டனிலும் கலிஃபோர்னியாவிலும் கட்டாயம் இருந்தது. ஆனால் ஒரே நீதிபதி மாதந்தோறும் பெயர் சொல்லி அழைத்து நிலையைக் கேட்கும் வழக்கம் இருந்ததில்லை.

ஜான் கோல்ட்காம்ப், டோரிஸ் வெய்லண்ட் ஆகியோர் இந்நீதிமன்றம் குறித்து 1993இல் வெளியிட்ட மதிப்பீடு முதன்மையானது. பங்கேற்றோர் பிற குற்றவழக்கினரைவிடக் குறைவாகவே மீண்டும் கைதாயினர். கைதானோரும் அதற்கு முன் இரண்டு, மூன்று மடங்கு நீண்ட காலம் வெளியில் இருந்தனர். அதே ஆய்வு ஒரு முரணையும் பதிவு செய்தது. குறித்த நாளில் நீதிமன்றத்திற்கு வராதோர் இத்திட்டத்தில்தான் மிகுதி. காரணம் எளியது: பிறர் ஓரிரு முறை வந்தால் போதும், இவர்களோ ஓராண்டு முழுதும் வந்துகொண்டே இருக்க வேண்டும். அழைப்பு மிகுந்தால் தவறுதலும் மிகும்.

பரவலும் நெறிமுறையாக்கமும்

1990களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் நீதிபதி ஜெஃப்ரி டாபர் இதே போன்ற நீதிமன்றத்தை நடத்தினார். 1993இல் ஜேனட் ரெனோ அமெரிக்காவின் தலைமை வழக்குரைஞர் ஆனார். அதற்கு அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட 1994ஆம் ஆண்டின் குற்றத்தடுப்புச் சட்டம், புதிய சிறைகள் கட்ட மாநிலங்களுக்குப் பணம் தந்தது. சிகிச்சை நீதிமன்றங்களுக்கும் பணம் தந்தது. ஒரே சட்டத்தின் இரு பக்கங்களில் எழுதப்பட்ட இவ்விரு கொள்கைகளும் ஒன்றையொன்று திருத்தவில்லை. வன்முறைக் குற்றப் பின்னணி உடையோரைச் சேர்க்கும் நீதிமன்றத்திற்கு நிதி இல்லை என்ற நிபந்தனையும் சட்டத்தில் இருந்தது. அதே 1994இல் இந்நீதிமன்றங்களில் பணியாற்றுவோருக்கான தேசியச் சங்கம் உருவானது. டாபர் அதன் முதல் தலைவர். 1997 ஜனவரியில் வெளியான பத்து அடிப்படைக் கூறுகள் அடங்கிய ஆவணம், மியாமியின் அனுபவத்தை எங்கும் எடுத்துச் செல்லத்தக்க நெறிமுறையாக மாற்றியது. பின்னர் அமெரிக்காவில் இந்நீதிமன்றங்களின் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டியது.

இப்பரவலின்போது நிகழ்ந்த ஒரு மாற்றம் போதிய கவனம் பெறவில்லை. மியாமியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே சிகிச்சையில் சேர முடிந்தது. பின்வந்த நீதிமன்றங்களுள் பல, முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பின்னரே சேர வேண்டும் என விதித்தன. இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு ஏட்டளவில் சிறிது; தவறியவர் வாழ்வில் பெரிது. முதல் முறையில் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் மீண்டும் வழக்காடலாம், சான்றை எதிர்க்கலாம். இரண்டாவதில் அவருக்கு எஞ்சியிருப்பது தண்டனை அறிவிக்கப்படும் நாள் மட்டுமே.

நீதிமன்ற அறையின் நடைமுறை

சிகிச்சை நீதிமன்றத்தின் உண்மையான விவாதம் பெரும்பாலும் திறந்த அவையில் நிகழ்வதில்லை. அமர்வுக்கு முன் நீதிபதி, இருதரப்பு வழக்குரைஞர்கள், நன்னடத்தை அலுவலர், சிகிச்சையாளர் ஆகியோர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவரின் முன்னேற்றத்தையும் பேசி முடிவுக்கு வருவர். அதன்பின் அவையில் நடப்பது அம்முடிவின் அறிவிப்பு. முன்னேறியவருக்குக் கைத்தட்டல், தவறியவருக்குக் கண்டிப்பு. தம் முறைக்காகக் காத்திருப்போர் இதனைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதும் திட்டமிட்ட ஏற்பாடே. அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் மோதாமல் ஒத்துழைக்க வேண்டும் என்பது பத்துக் கூறுகளுள் இரண்டாவதாகும். தம் கட்சிக்காரர் சிறைக்குப் போவதை எதிர்த்து வாதிட வேண்டியவர், அது அவருடைய நலனுக்கே என்னும் குழு முடிவிற்குத் தலையசைக்க வேண்டிய நிலை இதனால் எழுந்தது. குற்றவழக்குப் பாதுகாப்பு வழக்குரைஞர்களின் தேசியச் சங்கம் 2009இல் வெளியிட்ட அறிக்கை இந்நிலையைக் கடுமையாகக் கண்டித்தது. ஒத்துழைப்பு வேண்டும் என்ற நெறிமுறையில் குறை காண்பது எளிதன்று. ஆனால் ஒத்துழைக்கும் ஐவரும் ஒரே பக்கம் இருக்க, சிறைக்குச் செல்பவர் மட்டும் மறுபக்கம் இருப்பதை மறுத்தல் அரிது.

தண்டனையும் சிகிச்சையும் தனித்தனியே என்ன செய்கின்றன என்பதைப் பிரித்தறிய முயன்ற ஆய்வுகள் மிகச் சில. வாஷிங்டன் நகரின் உயர்நிலை நீதிமன்றத்தில் 1990களின் நடுவில் அடெல் ஹாரெல் குழுவினர் ஆராய்ந்த திட்டம் அவற்றுள் தலையாயது. குற்றஞ்சாட்டப்பட்டோர் சீட்டுக் குலுக்கலைப் போன்ற முறையில் மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒன்றில் தீவிரச் சிகிச்சை; மற்றொன்றில் பரிசோதனையில் தவறினால் முன்னரே அறிவிக்கப்பட்ட படிப்படியான தண்டனை; மூன்றாவதில் வழக்கமான முறை. தண்டனைப் பட்டியலில் முதல் தவறுக்குச் சிறை இல்லை. ஜூரிக்குரிய இருக்கையில் மூன்று நாள் அமர்ந்து பிறர் வழக்குகளைப் பார்க்க வேண்டும். அடுத்தடுத்த தவறுகளுக்கே சிறை நாள்கள் கூடின. தீவிரச் சிகிச்சையில் சேர்ந்தோர் குறைவு. எனினும் சேர்ந்தோரிடம் பயன்பாடு குறைந்தது. தண்டனைப் பட்டியலில் இருந்தோர் அடுத்த ஓராண்டில் குறைவாகக் கைதாயினர். எது நேரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்ததும் சொன்னது சொன்னவாறு நடந்ததும் தண்டனையின் கடுமையைவிட மிகுந்த பயன் தந்தன என்பது இவ்வாய்விலிருந்து பெறத்தக்க முடிவாகும்.

பால்டிமோர் நகரில் 235 பேரைத் தற்செயல் முறையில் பிரித்து டெனிஸ் காட்ஃபிரட்சன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாண்டுக்குள் மீண்டும் கைதானோர் சிகிச்சை நீதிமன்றப் பிரிவில் 66 விழுக்காடு, ஒப்பீட்டுப் பிரிவில் 81 விழுக்காடு. 154 மதிப்பீடுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வு, மீள்குற்றம் 50 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாகக் குறைவதற்கு ஒப்பான பயனைக் கண்டது. பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் எரிக் செவிக்னி குழுவினர் 2013இல் சிறைவாசத்தை அளவிட்டபோது வேறொரு செய்தி வெளிப்பட்டது. இந்நீதிமன்றங்கள் சிறைக்குச் செல்வோர் எண்ணிக்கையைக் குறைத்தன. சிறையில் கழிந்த மொத்த நாள்களைக் குறைக்கவில்லை. வென்றவர்கள் மிச்சப்படுத்திய நாள்களைத் தவறியவர்களின் நீண்ட தண்டனை ஈடுசெய்துவிட்டது.

வாயிலில் நிற்பவர் யார்

நாடு முழுதும் பரவிய பின்னரும் இந்நீதிமன்றங்களால் சிறை மக்கள்தொகையில் பெருமாற்றம் நேராமைக்குக் காரணம் வாயிலிலேயே உள்ளது. நகர்ப்புற ஆய்வு நிறுவனத்தினர் 2008இல் கணித்தபடி, போதைப் பழக்கச் சிக்கலுடன் ஓராண்டில் கைதாவோர் ஏறத்தாழ 15 லட்சம். சிகிச்சை நீதிமன்றங்கள் ஏற்றவர் ஏறத்தாழ 55,000. வன்முறைப் பின்னணி உடையோர், முந்தைய தண்டனைகள் பெற்றோர், விற்பனைக் குற்றச்சாட்டுக்கு ஆளானோர் ஆகியோரை விலக்கியதால், பழக்கம் முற்றியவர் வெளியே நின்றார். இலேசான பழக்கமுடையவர் உள்ளே வந்தார். எந்தத் தெருவில் காவலர் மிகுதியாகச் சுற்றுகின்றனரோ அத்தெருவில் வாழ்வோருக்கே முந்தைய கைதுகளும் மிகுதி. ஆதலால் நடுநிலையானதாகத் தோன்றும் இவ்விதியின் சுமை கறுப்பின மக்கள்மீதே கூடுதலாக விழுந்தது.

இதற்கு நேர் மாறான ஆபத்தை டென்வர் நகர நீதிபதி மாரிஸ் ஹாஃப்மன் 2000இல் சுட்டிக்காட்டினார். அங்குச் சிகிச்சை நீதிமன்றம் 1994இல் தொடங்கிய பின் போதைப்பொருள் வழக்குகளின் எண்ணிக்கை இரு மடங்கிற்கும் மேலானது. முன்பு எச்சரித்து விடப்பட்டவர்களையும், 'உதவி கிடைக்கும்' என்ற நம்பிக்கையில் காவலர் கைது செய்யத் தொடங்கினர் என்பது அவர் விளக்கம். அதே 2000 நவம்பரில் கலிஃபோர்னிய வாக்காளர் 61 விழுக்காட்டு ஆதரவுடன் நிறைவேற்றிய 36ஆம் முன்மொழிவு, வாயிலை அகலத் திறந்தது. வன்முறையற்ற முதல், இரண்டாம் உடைமைக் குற்றத்தினர் எல்லாருக்கும் சிகிச்சை. தொடக்கத் தவறுகளுக்குச் சிறை இல்லை. சிகிச்சை நீதிமன்ற நீதிபதிகள் பலர் இதனை எதிர்த்தனர். சிறை என்னும் கைக்கோல் இல்லாமல் சிகிச்சை நிற்காது என்பது அவர்கள் கருத்து. முதலாண்டிலேயே 30,000 பேர் சிகிச்சைக்கு வந்தனர். முழுமையாக முடித்தோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர். ஒன்று சிலருக்கு ஆழமாகவும், மற்றொன்று பலருக்கு மேலோட்டமாகவும் உதவிற்று. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்தவர்கள் இரண்டையும் தவறாகவே மதிப்பிட்டனர்.

கடல் கடந்தபோது இந்நடைமுறை உருமாறியது. டொரண்டோவில் 1998இலும், ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவில் 1999இலும், கிளாஸ்கோ, டப்ளின் ஆகிய நகரங்களில் 2001இலும் இவை தோன்றின. இவற்றுள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் மியாமியைப் போலன்றித் தனிச்சட்டம் இயற்றித் தொடங்கியது. இடம் குறைவாகவும் தகுதியுடையோர் மிகுதியாகவும் இருந்தமையால் சீட்டுக் குலுக்கலே அங்கு முறையாயிற்று. யாருக்குச் சிகிச்சை, யாருக்குச் சிறை என்பதை அதிர்ஷ்டம் முடிவு செய்வது கொடுமையாகத் தோன்றலாம். அரசுத் தரப்பின் விருப்பம் முடிவு செய்வதைவிட அது நேர்மையானதே. இந்தியச் சட்டத்திலும் இதற்கான விதை உண்டு. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, அடிமைப்பட்டவரைச் சிகிச்சைக்காக விடுவிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகின்றது. 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 64அ பிரிவு, தாமாகச் சிகிச்சை நாடுவோருக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கின்றது. ஆனால் மாதந்தோறும் பெயர் சொல்லி அழைக்கும் நீதிபதியை இச்சட்டம் அமைக்கவில்லை.

மருந்தை மறுத்த மன்றங்கள்

கொகெய்னுக்காகத் தோன்றிய இந்நீதிமன்றங்கள் அபினிவகைப் பொருள்களின் பரவலை எதிர்கொண்டபோது அவற்றின் பெருங்குறை வெளிப்பட்டது. கொகெய்ன் பழக்கத்திற்கு அன்று ஏற்புடைய மருந்து இல்லை. ஆலோசனையும் கண்காணிப்புமே வழி. ஹெராயின் போன்றவற்றிற்கு மெதடோன், புப்ரினார்ஃபின் என்னும் மருந்துகள் உண்டு. அவை இறப்பைப் பெருமளவு குறைப்பதை மருத்துவ ஆய்வுகள் நிறுவியுள்ளன. ஆயினும் பல நீதிமன்றங்கள் இவற்றைப் 'போதைக்கு மாற்றுப் போதை' எனக் கருதி, மருந்தை நிறுத்தினால்தான் திட்டத்தை முடிக்கலாம் என ஆணையிட்டன. 1919இல் மருத்துவரின் கையைக் கட்டிய அதே கருத்து, சிகிச்சையின் பெயராலேயே திரும்பி வந்தது. மருந்தை நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுவதால், மீண்டும் பயன்படுத்தும்போது உயிரிழக்கும் வாய்ப்பு மிகும். இங்கு நீதிபதியின் தவறு தண்டனைக் காலத்தால் அளக்கப்படுவதன்று.

தேசியச் சங்கம் 2013இலும் 2015இலும் வெளியிட்ட செயல்தர நெறிகள் இரு திருத்தங்களை முன்வைத்தன: மீள்குற்ற வாய்ப்பும் சிகிச்சைத் தேவையும் மிகுந்தோரையே சேர்த்தல் வேண்டும், மருத்துவர் பரிந்துரைத்த மருந்துக்குத் தடை கூடாது. 2015 முதல் கூட்டாட்சி நிதி பெறும் நீதிமன்றங்கள் இம்மருந்துகளைப் பயன்படுத்துவோரை மறுத்தல் ஆகாது என்ற நிபந்தனையும் வந்தது. கூட்டாட்சி நிதி பெறாத மன்றங்களை அது கட்டுப்படுத்தவில்லை. மனித உரிமைகளுக்கான மருத்துவர் அமைப்பு 2017இல் வெளியிட்ட அறிக்கை, நியூயார்க், நியூ ஹாம்ப்ஷயர், ஃபுளோரிடா ஆகிய மூன்று மாநிலங்களின் நிலையை ஆராய்ந்து, மருத்துவப் பயிற்சி இல்லாதோர் மருத்துவ முடிவுகளை எடுப்பதைச் சுட்டியது. 2022 ஏப்ரலில் நீதித்துறை அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல் இதனை வேறொரு சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அபினிவகைப் பழக்கத்திற்கு முறைப்படி மருந்து உட்கொள்பவரை அம்மருந்தின் பொருட்டுத் திட்டத்திலிருந்து விலக்குவது, மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறுவதாகும் என்றது அது. மருந்தை மறுத்த நீதிமன்றத்தின்மீதே முறையிட, திட்டத்தில் உள்ளவருக்கு அதன்வழி ஓர் இடம் கிடைத்தது.